பாலக்காட்டுக் கணவாயில் வேஷம் மாறியவர்கள்

வேளாங்கண்ணிக்கு யாத்திரை போய்த் திரும்பும் மலையாளிகள் நிறைந்த ஒரு பஸ், தமிழ்நாட்டுச் சோளக் கொல்லைகளின் ஊடே போய்க்கொண்டிருக்கிறது. உண்ட மயக்கத்தில் எல்லாரும் உறங்கிவிட்ட அந்த நண்பகலில், வழியெல்லாம் தமிழ்நாட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே வந்த ஜேம்ஸ் என்னும் நடுத்தர வயதுக்காரர் கண் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்பின் அறியாத ஒரு கிராமத்துக்குள் அங்கேயே பிறந்து வளர்ந்தவரைப் போல நடந்து சென்று, ஒரு வீட்டினுள் நுழைந்து, லுங்கியை எடுத்து உடுத்திக்கொண்டு, மாட்டுக்குத் தீனி வைத்து, அவ்வூர் மக்களின் தமிழையே பேசத் தொடங்குகிறார். அந்த வீட்டுக்குரியவனாகிய சுந்தரம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போனவன். இப்போது வந்திருப்பவர் தம்மைச் சுந்தரம் என்கிறார். சுந்தரத்தின் மனைவியைத் தம் மனைவி என்கிறார். ஊராரைப் பேர் சொல்லி அழைக்கிறார். அவருடைய சொந்த மனைவியும் மகனும் தெருவில் திகைத்து நிற்பதை அவர் அறியவே இல்லை.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, எஸ். ஹரீஷ் திரைக்கதை எழுதி, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' என்னும் அந்தப் படம் 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் சர்வதேசத் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, விழாவுக்கு வந்த ரசிகர்கள் தங்கள் வாக்குகளால் தேர்ந்தெடுக்கும் பரிசு அதற்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு கேரள அரசு அதனைச் சிறந்த படமாகவும், ஜேம்ஸாக நடித்த மம்மூட்டியைச் சிறந்த நடிகராகவும் தேர்ந்தெடுத்தது. நடந்தது ஆவி புகுந்த கதையா, மனநோயா, கனவா என்பதற்குப் படம் முழுவதிலும் ஒரு வாக்கியமேனும் விளக்கம் கிடையாது. விளக்கமே தராத ஒரு விநோதக் கதையைச் சாதாரண ஜனங்கள் இவ்வளவு பிரியத்துடன் ஏற்றுக்கொண்டதன் காரணத்தைப் பலரும் அந்த இயக்குநரின் தனித் திறமையிலே தேடினார்கள். திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் நம் கண்ணெதிரே வேறொரு மனிதனாக மாறி, வேறொரு பாஷையைப் பேசிச் சிரிக்கவும் கலங்கவும் வைப்பதும், அதற்குக் காரணம் கேளாமல் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பதும் தமிழும் மலையாளமும் கைகோக்கும் அந்த எல்லைப் பிரதேசத்தில் சினிமா பிறப்பதற்கு மிக முன்னரே வேரூன்றிய சம்பிரதாயம் என்பதே என் அபிப்பிராயம். அந்தச் சம்பிரதாயத்தின் சரித்திரத்தைச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

தபதி முதல் குமரி வரையில் தொடர்ந்து வரும் மேற்கு மலைத்தொடர், பாலக்காட்டருகே மட்டும் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டு நிற்கிறது. அந்த இடைவெளியின் வழியே கொங்கு நாட்டு வெயிலும் காற்றும் மேற்கே போகின்றன; மேற்குக் கடலின் மழைக் காற்று கிழக்கே வருகிறது; மனிதர்களும் அவ்வாறே போய் வந்திருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்ததாகச் சொல்லப்படும் கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத்தார், நெசவுக்கும் வாணிபத்துக்கும் வந்து தங்கிய குடும்பங்கள், வீட்டுக்குள் தமிழும் வீதியில் மலையாளமும் பேசும் இராவுத்தர்கள் ஆகிய எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கணவாயே. 1861-62-இல் சென்னையிலிருந்து பேய்ப்பூர் வரையில் போடப்பட்ட ரயில் பாதையும் அந்த வழியையே பற்றிக்கொண்டது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவிலும், அதற்கு அடுத்த சிற்றூர் என்னும் ஊர் முதலில் கொச்சி ராஜ்யத்திலும் 1949-க்குப் பின் திருவாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. ராஜாங்கத்தின் எல்லை வேறு, பாஷையின் எல்லை வேறு, சந்தையின் எல்லை வேறு என்று வாழப் பழகியவர்களுக்கு, ஒரே மனிதன் இரண்டு பேராக இருப்பது அவ்வளவு பெரிய அதிசயமாகத் தோன்றியிருக்காது.

சிற்றூர் பகவதி கோயிலில் மாசி மாதத்தில் நடக்கும் 'கொங்கன் படை' என்னும் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசனைப் பகவதியே எதிர்நின்று வென்றாள் என்பது ஐதீகம். அந்த யுத்தத்தை ஆண்டுதோறும் ஊரார் நடித்துக் காட்டுகிறார்கள். பகையரசன் அனுப்பிய போர் ஓலை வாசிக்கப்படுகிறது. இரவில் படையின் ஆரவாரம் எழுகிறது. நடிப்பவர்கள் யார்? எதிரியாக வேஷமிடுபவனும் சிற்றூர்க்காரனே. வருஷத்தில் ஓர் இரவு அவன் தன் ஊரைத் தாக்க வந்தவனாகி, மறுநாள் காலையில் பழையபடி வயலுக்குப் போகிறான். வென்றவர்களின் கோயிலில் தோற்றவனின் பெயரால் திருவிழா வழங்குவது எங்கும் காணக்கூடிய காட்சியன்று.

இதைவிட வியப்புக்குரியது தோல்பாவைக்கூத்து. பாலக்காட்டிலும் அதனை அடுத்த திருச்சூர், மலப்புறம் பகுதிகளிலும் உள்ள பத்திரகாளி கோயில்களுக்கு எதிரே, கூத்துமாடம் என்று ஒரு நீண்ட கட்டடம் நிரந்தரமாக நிற்கும். 42 அடி நீளமுள்ள அதன் முகப்பில் வெள்ளைத் திரை கட்டி, திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, மான் தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் விழச் செய்து, இராமாயணத்தை நடத்துகிறார்கள். அவர்கள் பாடுவது எழுத்தச்சனுடைய மலையாள இராமாயணக் கிளிப்பாட்டு அன்று. கம்பனுடைய தமிழ்ப் பாட்டு. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட புலவர்கள் பரம்பரை பரம்பரையாகக் கம்பனை மனப்பாடம் செய்து, தமிழும் மலையாளமும் கலந்த ஒரு தனி நடையில் பொருள் சொல்லி வருகிறார்கள். கவளப்பாறை ஆரியங்காவில் இந்தக் கூத்து 21 இரவுகள் நடக்கும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், பல கோயில்களில் இந்தக் கூத்தைப் பார்க்க நள்ளிரவுக்குப் பிறகு ஒருவரும் இருப்பதில்லை. இராவணனோடு இராமன் பொருத காலத்தில் பத்திரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு பொருதுகொண்டிருந்தாள். ஆகையால் இராம-இராவண யுத்தத்தை அவளால் பார்க்க முடியாமற் போயிற்று. அந்தக் குறை தீர ஆண்டுதோறும் அவள் சந்நிதியில் அதனை நடத்திக் காட்டவேண்டும் என்பது சிவபெருமான் கட்டளையாம். ஆதலால் பார்வையாளர் அவள் ஒருத்தியே. முன்னால் இருக்கும் மைதானம் காலியாகக் கிடக்க, திரைக்குப் பின்னால் புலவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, விடை சொல்லி, தர்க்கம் செய்து, இலக்கணம் பேசி, வேடிக்கைக் கதைகளை இடையிலே செருகி, கூத்தைத் தங்களுக்குள்ளேயே ஓர் உரையாடலாக வளர்த்துக்கொண்டு போவார்கள். இந்த விசித்திரத்தை ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் 1996-இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். வெள்ளைத் திரை, பின்னாலிருந்து வரும் ஒளி, அசையும் உருவங்கள், வேற்று மொழியில் ஒலிக்கும் குரல் ஆகிய யாவும் பாலக்காட்டு இரவுகளுக்குப் பழகிப்போன பிறகே சினிமா அங்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது பொறாட்டு நாடகம். பாணர் சமூகத்தார் பாலக்காட்டு ஜில்லாவிலே வளர்த்த இந்தக் கலையைப் பாங்களி என்றும் சொல்வதுண்டு. நான்கு கால் நட்டுப் போட்ட ஓர் எளிய மேடை; ஒரு திரைச்சீலை; மத்தளம், இலைத்தாளம், பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஆர்மோனியம்; இவ்வளவே சாதனங்கள். தெய்வ வணக்கம் முடிந்ததும் பாத்திரங்கள் ஜோடி ஜோடியாகவோ தனித்தனியாகவோ வரத் தொடங்கும்: துணி வெளுக்கும் மண்ணானும் மண்ணாத்தியும், வயலில் உழைக்கும் செறுமனும் செறுமியும், குறவனும் குறத்தியும், தாசியும், பூக்காரியும். பெண் வேஷங்களையும் ஆண்களே கட்டுவார்கள். இதிகாசம் இல்லை, தேவர்கள் இல்லை, அரசர்கள் இல்லை. பிரிந்துபோன மனைவியைத் தேடி வருகிறவனும், புருஷன் மேல் புகார் சொல்ல வருகிறவளுமே கதாநாயகரும் கதாநாயகியும். பாட்டுக்களில் தமிழ் மிகுதி. வசனத்தில் மலையாளம் மிகுதி. இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கோடு கிழித்துக் காட்ட ஒருவராலும் இயலாது.

இந்த நாடகத்தின் உயிர்நாடி சோத்தியக்காரன் என்னும் பாத்திரம். வேஷம் எதுவும் பெரிதாக இல்லாமல் மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, நீ யார், எந்த ஊர், எதற்காக வந்தாய், உன் பெண்டாட்டி எங்கே என்று கேள்வி கேட்பதே அவன் வேலை. அவன் கேட்பது ஊரார் கேட்கக்கூடிய நியாயமான கேள்விகள்; அவனுக்குக் கிடைப்பதோ நியாயத்துக்கு அகப்படாத பதில்கள். வந்தவன் கேள்வியை வேறாக அர்த்தப்படுத்திக்கொண்டு எங்கோ போவான், பாட்டாகப் பாடுவான், ஆடுவான், அழுவான், சோத்தியக்காரனையே குற்றவாளி ஆக்குவான். இவ்வாறு அறிவு ஒரு பக்கமும் அறிவுக்கு அடங்காத துன்பம் ஒரு பக்கமும் நின்று வாதாடுவதிலே பிறக்கும் சிரிப்பு, கோமாளித்தனத்தால் உண்டாகும் சிரிப்பைவிட ஆழமானது. மனைவியைத் தொலைத்தவன் சொல்லும் பதில் எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும், அவன் மனைவியைத் தொலைத்தவன் என்பதை யாரும் மறப்பதில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் குறிப்பிட வேண்டும். ஆலத்தூர், நெம்மாறை, சிற்றூர்ப் பக்கங்களில் நாயர் சமூகத்தார் கோயில் பந்தல்களில் ஆடும் கணியார்களியிலும் பொறாட்டு என்றொரு பகுதி உண்டு. வட்டமாக நின்று ஆடும் ஆட்டத்துக்கு இடையிடையே, மலையனாகவும் குறவனாகவும் சக்கிலியனாகவும் வேஷமிட்டு வந்து, தமிழ் கலந்த பாட்டுக்களைப் பாடிச் சிரிக்க வைப்பார்கள். அது கண்ணுக்கு இனிய கலை. அதன் பாட்டுக்களும் பழமையானவை. ஆனால் அங்கே நிலமுடையவர்கள் உழைப்பவர்களின் உருவத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பாணர்களின் பொறாட்டிலோ, உழைப்பவர்களே தங்கள் வாழ்வைத் தாங்களே எடுத்துச் சொல்கிறார்கள். இரண்டிலும் ஒரே வண்ணானும் ஒரே குறத்தியும் வரலாம், சிரிப்பு ஒன்றாகாது. முன்னதில் ரசிப்பதற்கு நிறைய இருப்பினும், பின்னதிலேதான் எனக்கு மதிப்பு மிகுதி. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளும் ஒருவனிடம், கேட்பவன் தன்னை மேலானவனாக எண்ணிக்கொள்ள இடமில்லை.

ஐரோப்பாவிலே ஆந்திரே பிரெதோன் 1924-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, பகுத்தறிவின் காவலிலிருந்து கலையை விடுவிக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார். அவர் வழியில் வந்த லூயி புனுவேல், 1972-இல் எடுத்த ஒரு படத்தில், சில கனவான்கள் விருந்துண்ண உட்காரும்போதெல்லாம் ஏதேனும் ஒன்று நிகழ்ந்து அவர்களைச் சாப்பிட விடாமல் தடுப்பதையே கதையாக்கி, உலகம் முழுவதையும் சிரிக்க வைத்தார். அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர்கள் தங்கள் நாட்டுப் படித்தவர்களோடு சண்டையிட்டுப் பெற்றதை, பாலக்காட்டுப் பாணர்கள் எந்த அறிக்கையும் இல்லாமல், பகவதியின் பெயரைச் சொல்லி, நெல் அறுத்த வயல்களிலே செய்துவந்தார்கள். இந்த மண்ணின் குணம் எழுத்திலும் தெரியாமல் இல்லை. பாலக்காட்டருகே தஸ்ராக் என்னும் சிறு கிராமத்தில் ஓராசிரியர் பள்ளியில் வேலைபார்த்த தம் சகோதரியோடு தங்கிய நாட்களிலிருந்து ஓ.வி. விஜயன் உருவாக்கிய 'கசாக்கின்டே இதிகாசம்' 1969-இல் வெளிவந்தபோது, இராவுத்தர்களும் ஈழவர்களும் வாழும் அந்தக் கற்பனைக் கிராமத்தில் இறந்தவர்களும் இருப்பவர்களும், சிரிப்பும் திகிலும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். யூமா வாசுகியின் தமிழாக்கத்துக்குச் சாகித்திய அக்காதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. தமிழர்கள் அதனை அந்நிய நூலாக வாசிக்கவில்லை.

சினிமாவும் இந்தக் கணவாய் வழியாகவே போக்குவரத்து நடத்தியது. 1905-இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்' 1938-இல் வெளிவந்தபோது, அது எடுக்கப்பட்ட இடம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், முதலாளி டி.ஆர். சுந்தரம். எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. தமிழ்த் திரைப் பாட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உருவம் கொடுத்த எம்.எஸ். விஸ்வநாதன் 1928-இல் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தில் தனிப் பின்னணி இசைக்குப் பதிலாகப் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்தும் ஒலிபெருக்கிகளிலிருந்தும் இடைவிடாமல் கசிந்துகொண்டிருப்பதைக் கேட்கும்போது, அந்தப் பாட்டுக்களுக்கும் மலையாள மண்ணில் பாதி உரிமை உண்டு என்பது நினைவுக்கு வராமல் இராது.

மலையாளி ஒருவர் தமிழுக்குள் வந்து தமிழராகவே ஆகிப் படைத்த வேறொரு விநோதமும் இருக்கிறது. குட்டநாட்டில் பிறந்த ஜான் ஆபிரகாம், வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையைக் கொண்டு 1977-இல் எடுத்த 'அக்கிரகாரத்தில் கழுதை', தாயை இழந்த ஒரு கழுதைக் குட்டியைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அக்கிரகாரத்துக்குக் கொண்டு வருவதால் விளையும் விபரீதங்களைச் சொல்லுகிறது. கழுதையை வெறுத்துக் கொன்றவர்களே பிறகு அதற்குத் தெய்வத்தன்மை கற்பித்து வணங்க முற்படுகிறார்கள். இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீனிவாசன் பேராசிரியராக நடித்த அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால் அதனைக் கண்ட தமிழர் தொகை மிகக் குறைவு. பின்னாளில் தூர்தர்ஷனில் காட்ட ஏற்பாடாகி, எதிர்ப்பின் காரணமாக அதுவும் கைவிடப்பட்டது. ஜான் ஆபிரகாமின் சிரிப்பில் கோபம் மிகுதி. அதனால் அவர் படம் ஊராரைப் பகைத்துக்கொண்டது. லிஜோவின் படம் ஊராரோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் நான் விரும்புகிறேன். எனினும் பொறாட்டின் வாரிசு என்று பின்னதையே சொல்லுவேன்.

தெற்கே இடுக்கியின் கதை சற்று வேறு. அங்கே கணவாயின் தாராளம் இல்லை. போடிமெட்டும் குமுளியும் செங்குத்தான மலைப் பாதைகள். அவற்றின் வழியே தமிழர்கள் கங்காணிகளின் பின்னால் ஏறிச் சென்று தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியேறினார்கள். தேவிகுளமும் பீருமேடும் 1956-இல் கேரளத்தோடு நின்றதைத் தமிழ்நாடு எளிதில் மறக்கவில்லை. இந்த மலைகளில் பிறந்த விநோதம் காட்டின் இருளைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. கட்டப்பனைப் பக்கத்தில் எடுக்கப்பட்ட 'ஜல்லிக்கட்டு' (2019) படத்தில், வெட்டுவதற்குக் கொண்டுவந்த எருமை அறுத்துக்கொண்டு ஓட, ஊர் முழுவதும் அதைத் துரத்திப் போய் மெல்ல மெல்ல மிருகமாகிறது. குளமாவுக் காடுகளில் எடுத்த 'சுருளி'யில் (2021), குற்றவாளியைத் தேடி வேஷம் மாறி வரும் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு மரப்பாலத்தைத் தாண்டியதும், அதுவரையில் சாதுவாக இருந்த ஜீப் ஓட்டுநரும் பிரயாணிகளும் வசைமாரி பொழியும் வேறு மனிதர்களாகிவிடுகிறார்கள். இரண்டும் அதே இயக்குநரின் படங்கள். இரண்டின் திரைக்கதையிலும் ஹரீஷின் கை உண்டு. எல்லையைத் தாண்டியதும் ஆள் மாறுவது என்னும் ஒரே கருவை மலையின் மேல் வைத்துப் பார்த்தால் 'சுருளி'. சமவெளியில் வைத்துப் பார்த்தால் ஜேம்ஸ்.

அந்தச் சமவெளிக் கதைக்கே திரும்புவோம். பழனியை ஒட்டிய கிராமத்தில் எடுத்த அந்தப் படத்தில் காமிரா அநேகமாக நகர்வதே இல்லை. ஒரு மேடையின் எதிரே உட்கார்ந்திருப்பவனைப் போல அது நிலையாக இருக்க, வீட்டு வாசல், சந்து, திண்ணை ஆகியவற்றின் வழியாக மனிதர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். ஜேம்ஸ் வந்து இறங்கிய பஸ் ஒரு நாடகக் குழுவினுடையது. அந்தக் குழுவும், ஊர் மக்களும், சுந்தரத்தின் தகப்பனாரும் சேர்ந்து, நீ யார், எந்த ஊர், எதற்காக வந்தாய் என்று வந்தவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சோத்தியக்காரனுக்குக் கிடைத்த மாதிரியான பதில்களே அவர்களுக்கும் கிடைக்கின்றன. என் வீட்டில் நான் இருப்பதற்கு நீங்கள் யார் கேட்க என்று அவர் திருப்பிக் கேட்கும்போது, ஒரு பக்கம் சிரிப்பு வருகிறது. மறுபக்கம், காணாமற்போனவனுக்காக இரண்டு ஆண்டு அழுத வீட்டில் அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று நெஞ்சு பதைக்கிறது. கண் தெரியாத கிழத் தாய் மட்டும் அவரை ஒன்றும் கேட்பதில்லை. தன் பிள்ளை வந்துவிட்டான் என்று ஏற்றுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தமக்குப் பழக்கமான நாவிதர் இறந்துவிட்டார் என்பதை அறியும் இடத்தில்தான் சுந்தரத்துக்கு முதன்முதலாகத் தம்மைப் பற்றியே சந்தேகம் பிறக்கிறது. உறக்கத்தையும் சாவையும் சேர்த்துப் பேசும் திருக்குறள் ஒன்றைப் படத்தின் தொடக்கத்திலேயே ஒரு விடுதிக்காரர் வாயால் சொல்ல வைத்த திரைக்கதை, இந்த இடத்தில் அதற்கு உரை எழுதுகிறது.

இத்தகைய சம்பிரதாயத்தின் மூலங்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதே நாம் கவலைப்பட வேண்டிய விஷயம். தோல்பாவைக்கூத்துக்கு நல்ல காலம் வந்திருக்கிறது. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் கோயிலுக்கு வெளியேயும் அதனைக் கொண்டு போனார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தக் குடும்பத்துப் பெண்களும் இப்போது பாவைகளைக் கையில் எடுத்திருக்கிறார்கள். பொறாட்டுக்கு அவ்வளவு பெரிய பேர் கிடைக்கவில்லை. அதன் பாட்டுக்கள் வாய்மொழியாக வந்தவை. மலையாளப் பண்டிதர்களில் பலர் அவற்றிலுள்ள தமிழைக் கலப்படம் என்று ஒதுக்கினார்கள். தமிழ்ப் பண்டிதர்களோ அது கேரளத்துக் கலை என்று அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. எல்லையின் இரு புறத்திலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ரயிலில் ஒன்றரை மணி நேரப் பிரயாணமே. பாடத் தெரிந்த ஆசான்கள் இருக்கும்போதே அந்தப் பாட்டுக்களையும் கேள்வி பதில்களையும், தமிழை மலையாளமாகவோ மலையாளத்தைத் தமிழாகவோ திருத்தாமல், அவர்கள் வாயில் வந்தபடியே இரண்டு லிபிகளிலும் அச்சிட வேண்டும். அந்த வேலையில் தமிழ்நாட்டார்க்கும் சரிபாதிப் பொறுப்பு உண்டு.